குரோம்பேட்டை சிக்னலைத் தாண்டியவன்

சேலையூர்
9.1.2025

அன்பு சின்மயிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், புது மாத்திரை சாப்பிட்டால் பகலிலும் தூங்குகிறார். ஷில்லாங் குளிரில் உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது? வெந்நீர் குடி.

கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று உன் பேங்கில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆகஸ்டுக்குப் பிறகு என் போன் அடித்தாலே எனக்கு நெஞ்சை அடைக்கிறது. நீ கூப்பிடுவாய், நான் எடுக்கமாட்டேன், அப்பா எடுத்து "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். எழுதினால் கொஞ்சமாவது பேசின மாதிரி இருக்கும்.

நேற்று அஃப்ஷான் வந்திருந்தாள். ஷ்யாம் படித்த கல்லூரியில் இரத்த தான மன்றச் செயலாளர். பதின்மூன்றாம் நாள் உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று அழுத பெண், ஞாபகம் இருக்கிறதா? மார்ச்சில் முகாம் நடத்துகிறார்களாம். பேனரில் உன் தம்பி படத்தைப் போட அனுமதி கேட்டாள். "ஆயிரத்து எண்ணூறு பேர் படிக்கிறாங்க ஆன்ட்டி, ரத்தம் கொடுக்கறவங்க நூறு பேர் தேறமாட்டாங்க. ஊசின்னா பயம், வீட்ல திட்டுவாங்கன்னு பயம். ஷ்யாம் மூணு வருஷத்துல ஏழு தடவை கொடுத்தான்" என்றாள்.

வீட்டில் திட்டுகிறவர்களில் நானும் ஒருத்திதானே. இளைத்துப் போகிறாய் என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். ஓ நெகட்டிவ், கிடைப்பது கஷ்டம்மா என்பான், வண்டியை எடுப்பான். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தான். பல்லாவரத்து ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்கள், அவன் எடுக்கவில்லை என்று என் நம்பருக்குக் கூப்பிட்டார்கள். "தம்பி கிளம்பிட்டாரா?" என்று கேட்டார்கள். "கிளம்பிட்டான், இப்போ வந்துடுவான்" என்றேன். குரோம்பேட்டை சிக்னலில் லாரி மோதி அவன் போய் அப்போது பத்து நிமிஷம் ஆகியிருந்தது. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

படத்துக்கு யோசித்துச் சொல்கிறேன் என்று அஃப்ஷானை அனுப்பிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அம்மா


ஷில்லாங்
21.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மூக்கடைப்பு தேவலை. அப்பாவைப் பகலில் தூங்கவிடாதே, ரேஷன் கடைக்காவது அனுப்பு.

படம் வேண்டாம். அந்தப் பெண் வீட்டுக்கே வரவேண்டாம். அன்றைக்கு ஷ்யாமைக் கூப்பிட்டு "ஒரு யூனிட் வேணும்டா, உடனே போ" என்றது அவள்தான். இப்போது அவன் முகத்தைக் காட்டி இன்னும் நூறு பேரை வண்டி ஏற்றப் போகிறாளா? என்னால் அவளை மன்னிக்க முடியவில்லை. நியாயம் இல்லை என்று தெரியும். தெரிந்தும் முடியவில்லை.

இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை ஷ்யாம் நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னால் மனசு ஒப்புக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு. மணி அடித்தது, அம்மா. மூன்றாவது மணியில் யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. நானும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிட்டேன்.

அது நீயா?

பதிலை எதிர்பார்க்கும்
சின்மயி


சேலையூர்
16.2.2025

அன்பு சின்மயிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எல்லாரும் சௌக்கியம். நம் தெருவில் மறுபடியும் குழாய் பதிக்கத் தோண்டியிருக்கிறார்கள், வாசலில் கால் வைக்க முடியவில்லை. எதிர்வீட்டு மெட்டில்டா டீச்சர் வழுக்கி விழுந்து கையில் கட்டு. நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு உனக்கென்று ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அது நான்தான். திரையில் "அக்கா" என்று உன் படத்தோடு வந்தது. அவன் போனில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

போன் அவன் மேஜைமேல்தான் இருக்கிறது. தினமும் சார்ஜ் போடுகிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் கூப்பிடுகிறார்கள், எல்லாம் ரத்தம் கேட்டுத்தான். கல்லூரிப் பட்டியலில் அவன் பெயரை அஃப்ஷான் அன்றைக்கே எடுத்துவிட்டாள். ஆனால் பழைய பட்டியல் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்பிலிருந்து இன்னொரு குரூப்புக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, அதை யார் பிடித்து நிறுத்துவது? ஷ்யாம்சுந்தர், மூன்றாம் ஆண்டு, ஓ நெகட்டிவ், பக்கத்தில் நம்பர். அதில் தேதியும் இல்லை ஒன்றும் இல்லை. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் "ஷ்யாம் இருக்காருங்களா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார்கள்.

நான் ஏதோ பதில் சொல்லி வைத்துவிடுகிறேன்.

படத்துக்குச் சம்மதிக்கவில்லை. நீ நிம்மதியாக இரு.

அம்மா


ஷில்லாங்
25.2.2025

அம்மாவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

என்ன பதில் சொல்கிறாய்? அதை மட்டும் எழுதாமல் ஊறுகாயைப் பற்றி எழுதுகிறாய்.

நான் கூப்பிட்டால் நெஞ்சை அடைக்கிறது, எடுக்கமாட்டாய். அவன் போன் அடித்தால் மூன்றாவது மணிக்கு ஓடிவந்து எடுக்கிறாய். முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறாய். எனக்குப் பொறாமையாக இருக்கிறது அம்மா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உயிரோடு இருக்கிற பிள்ளை நான் ஒருத்திதான் மிச்சம்.

அந்த நம்பரைத் துண்டித்துவிடு. அப்பாவை சிம் கடைக்குப் போய் எழுதிக் கொடுக்கச் சொல். கூப்பிடுகிறவர்கள் உயிருக்குப் போராடுகிறவர்களின் வீட்டு ஆட்கள். அவர்களுடைய நேரத்தையும் நாம் வீணாக்குகிறோம்.

சின்மயி


சேலையூர்
20.3.2025

சின்மயிக்கு,

இங்கு யாவரும் நலம். நீ சொன்னபடி போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டேன். சாவி அப்பாவிடம். இனி அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

முகாம் நடந்ததாம், நான் போகவில்லை. அறுபத்திரண்டு பேர் கொடுத்தார்களாம். கொடுத்தால் அன்றைக்கு வருகைப்பதிவு போட்டுவிடுவார்கள் என்பதால் பாதிப்பேர் வந்ததாக அஃப்ஷான் வருத்தப்பட்டாளாம், மெட்டில்டா டீச்சர் சொன்னாள். எதற்கு வந்தால் என்ன.

வெயில் ஆரம்பித்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

அம்மா


ஷில்லாங்
2.4.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே மழை. நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இல்லை என்று தெரிகிறது.

போனை அணைத்துவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். நேற்று அப்பா பேசினார். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். பேப்பர் வந்தால் இரங்கல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாயாம். சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி குன்றத்தூர் மலைக்குப் போய், கோயிலுக்குள் போகாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தாயாம். மெட்டில்டா டீச்சரின் தம்பி பார்த்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தாராம்.

நீ கணக்கு டீச்சர். எதையும் முழுசாகச் சொல்லிக் கொடுத்துத்தான் பழக்கம். நான் திட்டமாட்டேன். என்ன நடந்தது என்று எழுது.

உன் சின்மயி


சேலையூர்
27.4.2025

என் கண்ணு சின்மயிக்கு,

நலமா? எனக்கு நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆரம்பத்தில் "ராங் நம்பர்" என்றுதான் சொன்னேன். அப்புறம் "வெளியூர் போயிருக்கான்" என்றேன். அப்படிச் சொன்ன அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. எங்கேயோ வெளியூரில் இருக்கிறான், வந்துவிடுவான் என்பதுபோல ஒரு சுகம். அவன் இறந்துவிட்டான் என்று மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. ஒருவர் கூப்பிட்டார். சௌகத் அலி என்று பெயர் சொன்னார், திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறாராம். "எம் பொண்ணு ஃபரா, மொதல் பிரசவம். புள்ள பொறந்துடுச்சு, ரத்தம் நிக்க மாட்டேங்குதுமா. பல்லாவரத்துல கீறோம். தம்பி வருவாருங்களா?" என்றார். பல்லாவரம் என்றதும் எனக்கு ஆகஸ்ட் மாதம் ஆகிவிட்டது. "கிளம்பிட்டான்" என்றேன்.

சொன்னதும் போனை வைத்துவிட்டு, உடனே கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினொன்றே முக்காலுக்கு மறுபடி கூப்பிட்டார். "எங்கம்மா வந்துகினு இருக்காரு?" "தாம்பரம் தாண்டிட்டான்" என்றேன். பன்னிரண்டேகாலுக்குக் கூப்பிட்டார். "குரோம்பேட்டையில் டிராபிக்" என்றேன். ஒரு மணிக்கு அழுதுகொண்டே கேட்டார். "சிக்னலைத் தாண்டிட்டான், இதோ வந்துடுவான்" என்றேன்.

அந்த சிக்னலை அவன் தாண்டினான், சின்மயி. ஹெல்மெட்டோடு, நீலச் சட்டையில், அந்த லாரியை விட்டு ஒதுங்கி, பத்திரமாகத் தாண்டிப் போனான். கண்ணால் பார்த்தேன். அந்த இரண்டு மணி நேரமும் நான் ஒரு பைத்தியக்காரியின் சந்தோஷத்தில் இருந்தேன். அங்கே ஒரு பெண் ரத்தம் வடிந்துகொண்டு படுத்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒன்றரைக்கு மறுபடி அடித்தது. அப்போதுதான் சுய நினைவு வந்தது. எடுக்கப் பயந்து அணைத்துவிட்டேன். நீ சொன்னதால் அணைக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பெண் பிழைத்தாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குத்தான் பேப்பரைப் பார்க்கிறேன். குன்றத்தூருக்குப் போனதும் அவளுக்காகத்தான். படி ஏறிக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவுக்கு இது தெரியாது.

அம்மா


ஷில்லாங்
6.5.2025

அம்மா,

கடிதம் இன்று காலை வந்தது. படித்து முடித்ததும் முதலில் இதை எழுதுகிறேன்: ஃபரா உயிரோடு இருக்கிறாள். குழந்தையும் இருக்கிறது, பெண் குழந்தை. மூச்சு விடு.

நான் மன்னிக்கமாட்டேன் என்றேனே, அந்த அஃப்ஷானுக்குத்தான் போன் செய்தேன். இரண்டு மணி நேரம் பேசினோம். அவளும் அந்த சிக்னலைக் கடக்காமல் சுற்றிக்கொண்டுதான் கல்லூரிக்குப் போகிறாளாம்.

திட்டமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றக் கஷ்டமாக இருக்கிறது. நடந்தது இதுதான். அன்று காலையே ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து மன்றத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும் சாலமோன் என்ற பையனை அஃப்ஷான் தயார் செய்திருக்கிறாள், அவனும் ஓ நெகட்டிவ். வண்டியில் ஏறும்போது "வேண்டாம், நோயாளியின் அப்பா ஒருவருக்குச் சொல்லிவிட்டார், அவர் கிளம்பிவிட்டாராம்" என்று நிறுத்திவிட்டார்கள். அவன் வகுப்புக்குத் திரும்பிவிட்டான். ஒன்றரை மணிக்கு ரத்த வங்கி மறுபடி கூப்பிட்டு, அதற்கப்புறம்தான் போயிருக்கிறான். எடுத்த ரத்தத்தைப் பரிசோதிக்கவும் நேரம் வேண்டுமே. டாக்டர்கள் அதற்குமேல் காத்திருக்க முடியாமல், ஃபராவின் கர்ப்பப்பையை எடுத்துத்தான் காப்பாற்றினார்கள். சாலமோனின் ரத்தம் அதற்குப் பிறகுதான் ஏறியது. அவளுக்கு இனிக் குழந்தை இல்லை. இருபத்து மூன்று வயது.

இதை எழுதாமல் விட நினைத்தேன். ஒளித்து ஒளித்துத்தான் நாம் இங்கே வந்து நிற்கிறோம்.

இன்னொன்று இருக்கிறது. சாலமோன் ஹெல்மெட்டோடு ஓடிவந்ததும், வாசலில் நின்ற சௌகத் அலி "ஷ்யாம் தம்பி வந்துட்டாரு" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். ஷ்யாம் இறந்துபோனது சாலமோனுக்குத் தெரியும். "அந்த நேரத்துல நான் அவர் இல்லன்னு எப்டிக்கா சொல்றது" என்று அஃப்ஷானிடம் கேட்டானாம். ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். ஷ்யாம்தான் வந்தான் என்று அந்தக் குடும்பம் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறது. அவர் இன்னும் அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்ப்பதாக ரத்த வங்கியில் சொன்னார்களாம்; உன்னைத் திட்ட இல்லை, அம்மா. ஷ்யாமுக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்படியே விட்டுவிடலாம் என்கிறாள் அஃப்ஷான். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உண்மையைச் சொன்னால் போன கர்ப்பப்பை வரப்போவதில்லை. நீ அங்கே போகாதே.

சாப்பிடு. அப்பாவிடம் சொல்லிவிடு.
சின்மயி


சேலையூர்
18.5.2025

அன்பு சின்மயிக்கு,

அப்பாவிடம் சொன்னேன். எழுந்து போய் பீரோவைத் திறந்து போனை எடுத்து என் கையில் கொடுத்தார். அவரும் சுகமே.

போட்டதும் வரிசையாக வந்து விழுந்தன, முப்பத்தோரு அழைப்புகள். மறுநாளே சௌகத் அலி கூப்பிட்டார். நான் எடுத்தேன். பக்ரீத் முடிந்த அடுத்த ஞாயிறு குழந்தைக்கு முடி எடுத்துப் பெயர் வைக்கிறார்களாம். ஃபரா எழுந்து நடக்கட்டும் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டார்களாம். "தம்பியும் நீங்களும் கட்டாயம் வரணும்மா" என்றார். சரி என்றேன்.

நீ போகாதே என்கிறாய். போய் அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு வாய் திறக்காமல் வந்துவிடுகிறேன்.

அம்மா


சேலையூர்
16.6.2025

என் சின்மயிக்கு அம்மாவின் ஆசிகள். நீ சுகமாக இருக்கவேண்டும்.

முதலில் ஒரு சேதி. வரும் வெள்ளிக்கிழமை முதலாண்டுப் பிள்ளைகளிடம் பேச அஃப்ஷான் கூப்பிட்டிருக்கிறாள். தைரியம், தியாகம் என்றெல்லாம் எனக்குப் பேசத் தெரியாது. பெயர் கொடுத்தால் வாருங்கள், வர முடியாவிட்டால் முடியாது என்று உடனே சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தையை நம்பி அங்கே ஒருவர் வேறு ஆளைத் தேடாமல் நிற்கிறார் என்று சொல்வேன். பட்டியலில் இனி தேதி போடப் போகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவருக்கும் போன் செய்து ஆள் இருக்கிறாரா, கொடுப்பாரா என்று கேட்கிற வேலையை நான் வாங்கிக்கொண்டேன். என் போனிலிருந்துதான். முந்தாநாள் வரை நாற்பது பேரிடம் பேசினேன், நெஞ்சு அடைக்கவில்லை. இனி நீயும் கூப்பிடலாம்.

இப்போது நேற்று நடந்தது. அப்பாவுக்குத் தெம்பில்லை, தனியாகப் போனேன். கீழ்க்கட்டளையில் மாடி வீடு. சௌகத் அலி வாசலுக்கு வந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "தம்பி வரலீங்களா?" இல்லை என்றேன். "பரவால்லமா, வரவேண்டிய அன்னைக்கு வந்துட்டாரே" என்றார். அவர் மனைவி அக்தர் பேகம் எனக்கென்று தனியாகப் புதுப் பாத்திரம் வாங்கிச் சேமியா பாயசம் வைத்திருந்தாள். ஃபரா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்த முகம், உன் ஜாடைகூடக் கொஞ்சம். குழந்தையை எடுத்து என் மடியில் வைத்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தது.

வாய் திறக்காமல்தான் வந்திருப்பேன், சத்தியமாக. வந்தவர்களிடம் எல்லாம் சௌகத் அலி என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார். "இவங்க புள்ளதான். லேட்டாத்தான் வந்தாரு, ஆனா வந்தாரு. டிராபிக்கு, அவரு இன்னா பண்ணுவாரு பாவம். ஒரு ஒன் அவர் முன்னாடி வந்திருந்தா எம் பொண்ணுக்கு..." என்று நிறுத்தினார். "விடுங்க அத்தா" என்று ஃபரா அப்பாவை அடக்கினாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பொய்க்காரி என்று சொல்லட்டும், கொலைகாரி என்றுகூடச் சொல்லட்டும். என் பிள்ளை லேட்டாக வந்தான் என்று சொல்லி நாலு பேர் அவனை மன்னிப்பதை எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பேன்? அவன் ஒரு இடத்துக்கும் லேட்டாகப் போனதில்லை.

"என் பிள்ளை லேட்டா வரலை சார்" என்றேன். "வரவே இல்லை. போன ஆகஸ்டே செத்துப் போயிட்டான். இதே மாதிரி ரத்தம் கொடுக்கப் போறப்போதான். உங்ககிட்ட கிளம்பிட்டான், தாண்டிட்டான்னு சொன்னதெல்லாம் நான் சொன்ன பொய். வந்தது சாலமோன்னு வேற பையன். அவனையும் என் பொய்தான் நிறுத்தி வெச்சுது."

அக்தர் பேகம் வந்தாள், குனிந்து என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஃபரா என்னையே பார்த்தாள். "ஏம்மா?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

தெரு முனையில் திரும்பிப் பார்த்தால் சௌகத் அலி பின்னால் வந்துகொண்டிருந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நின்றேன். அவர் கூடவே பஸ் ஸ்டாப் வரை நடந்தார், பக்கத்தில் நின்றார். தூரத்தில் பஸ் தெரிந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"புள்ள பேரை முழுசா சொல்லுங்கமா, என்னைக்கு மவுத்தானாருன்னும் சொல்லுங்க. மூணு மாசமா அஞ்சு வேளையும் அவருக்கு நீண்ட ஆயுசு கேட்டுகினு இருக்கேன். தப்பா கேட்டுகினு இருக்கேன் போல. இனி மாத்திக் கேக்கணும்" என்றார்.

"லக்ஷ்மிநாராயணன் மகன் ஷ்யாம்சுந்தர். இறந்தது போன வருஷம் ஆகஸ்ட் பத்தொன்பது" என்றேன். பஸ் வந்து நின்றது. அவருக்குச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அம்மா